பிரயாணக் கடிகாரங்களின் பிறந்தகம்

பிரான்ஸ் தேசத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் பாரிஸ் நகரைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். வடக்கே நார்மண்டியில், தியெப் துறைமுகத்திலிருந்து சற்று உள்நாட்டுப் பக்கமாக, சேன் நிக்கோலா தலியெர்மோன் என்னும் சிற்றூர் உளது. நெடுந்தெரு ஒன்றின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் ஊர். அங்குள்ள கடிகாரக் காட்சிசாலைக்கென்றே ஒரு நாளை ஒதுக்கினேன்.

நான் காணச் சென்றவை பிரயாணக் கடிகாரங்கள். பித்தளைச் சட்டம், புறமெல்லாம் கண்ணாடி, தூக்கிச் செல்ல மேலே ஒரு கைப்பிடி. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. ஊசல் வைத்த கடிகாரம் குதிரை வண்டியின் குலுக்கலைத் தாங்காது. ஆதலின் இவற்றில் மெல்லிய சுருள்வில்லோடு கூடிய சிறு சக்கரம் ஒன்று இருபுறமும் மாறி மாறிச் சுழல்கிறது. கூட்டின் மேற்புறச் சாளரத்தின் வழியே அதனைக் காணலாம். நான் நெடுநேரம் கண்டுகொண்டிருந்தேன்.

இவ்வகைக்கு வழிகாட்டியவர் பிரெகே. 1798-இல், எகிப்துப் படையெடுப்புக்குச் சற்று முன், நெப்போலியன் அவரிடம் ஒன்று வாங்கினார். அந்தப் பிரெகேயும் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவரே. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெலில் பிறந்து, பாரிஸில் தொழில் நடத்தியவர். 1830-ஐ ஒட்டிப் பால் கார்னியே எளிய அமைப்பில் பலவாகச் செய்யத் தொடங்கிய பின்னரே இக்கடிகாரம் ஏனையோர் கைக்கும் எட்டிற்று.

கூட்டைக் கண்டே காலத்தை ஒருவாறு சொல்லிவிடலாம். முற்பட்டவற்றில் சட்டமும் தூண்களும் பிரிக்கவியலாதபடி ஒன்றாய் இணைந்திருக்கும். பிற்பட்டவற்றைத் திருகாணிகளால் பூட்டினர். கோர்னீஷ் என்பது நேரிய தூண்களுடைய எளிய கூடு. மிகுதியாக விற்றது அதுவே. கோர்ஜ் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் தொண்டை என்று பொருள். பெயருக்கேற்ப அதன் விளிம்புகள் உட்குழிந்து வளைந்திருக்கும். வேலைப்பாடும் விலையும் அதிகம். மூங்கில் கணுவைப் போலத் தூண் வார்த்த கூடுகளும் உண்டு. அவை எனக்குச் சற்று மிகையாகவே தோன்றின. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தோலுறைப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் முன்பலகையை இழுத்தெடுத்தால், கடிகாரத்தை வெளியே எடுக்காமலே மணி பார்க்கலாம்.

பழைய கடிகாரம் வைத்திருக்கும் இல்லத்தார்க்கு ஒரு சொல்: குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பல கூடுகள் வெறும் பித்தளையல்ல. தங்க முலாம் பூசியவை. போன முலாம் திரும்பாது.

இவ்வூரில் நலிந்திருந்த கடிகாரத் தொழிலைச் சீர்ப்படுத்த 1807-இல் பிரெஞ்சு அரசாங்கம் ஒனோரே போன்ஸ் என்பவரை அனுப்பிற்று. பிற்காலத்தில் கடிகாரத்தின் உள்ளுறுப்புகள் இங்கே உருவாகிப் பாரிஸுக்குச் சென்று மெருகு பெற்றன. ஆனால் முகத்தில் பொறித்த பெயர் விற்பவர் பெயர்: பாரிஸ், லண்டன், ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தாக் கடைகளின் பெயருங்கூட. வார்த்து, அராவி, பல் வெட்டிய கிராமத்தின் பெயரைக் காணோம். பழைய தொழிலின் வழியில் வந்த விழிப்புமணிக் கடிகாரத் தொழிற்சாலையும் 1989-இல் மூடப்பட்டது.

விடைபெறுமுன் ஒரு கடிகாரத்தின் பின்புறத்தை உற்று நோக்கினேன். சாவித்துளைகளுக்கு அருகே, டி, சி என்னும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கடுகளவில் ஒரு கடிகார உருவம். இவ்வூரில் பட்டறை வைத்திருந்த திரோகூரின் முத்திரை அது.