இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்கு இரண்டு

அடுத்த மாதம் புள்ளியியல் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். என் இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லையாம். “அதான் சாஃப்ட்வேரே எல்லாம் போட்டுக் குடுத்துடுதே சார்!”

போட்டுக் கொடுக்கும்தான். ஆர் மென்பொருளில் சர்வைவல் பேக்கேஜை ஏற்றி, அதிலுள்ள ‘லங்’ தரவுக்கு ஒரு வரி எழுதினால் காப்லன்-மையர் உயிர்வாழ்வுக் கோடு படிப்படியாக இறங்கும். நுரையீரல் புற்றுநோயாளிகள் 228 பேர், இறந்தவர்கள் 165 பேர், மீடியன் 310 நாள். இதுவரைக்கும் யூடியூப் பார்த்தே வந்துவிடலாம்.

அந்தத் தரவில் ஸ்டேட்டஸ் நெடுவரிசையைப் பாருங்கள். 1 என்றால் சென்சார், அதாவது கடைசியாகத் தெரிந்தவரை உயிரோடு; 2 என்றால் மரணம். எல்லோரையும் போல 0, 1 என்று ஏன் வைக்கவில்லை? பஞ்ச் கார்டு காலத்து ஐபிஎம் 360 ஃபோர்ட்ரான், காலியிடத்தையும் பூஜ்யமாகவே படித்தது. அதனால் மேயோ கிளினிக் புள்ளியியல் பிரிவு பூஜ்யத்தையே ஒதுக்கிவிட்டது. இந்தப் பேக்கேஜை எழுதிய டெர்ரி தெர்னோ அங்கே வேலை பார்த்தவர். ஆகவே ‘சர்வ்’ ஃபங்ஷன், நெடுவரிசையில் பெரிய எண் 2 என்றால் 1-2 முறை, இல்லையென்றால் 0-1 முறை என்று தானாகவே முடிவுகட்டும். இப்போது யாருமே சாகாத ஒரு சிறு குழுவை மட்டும் பிரித்தெடுங்கள். நெடுவரிசை முழுக்க 1. உயிரோடிருக்கும் அத்தனை பேரையும் இறந்தவர்களாக்கி, கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரு எச்சரிக்கைகூட வராது. ‘ஸ்டேட்டஸ் == 2’ என்று வெளிப்படையாக எழுதினால் போதும். எழுதுகிறார்களா?

இதையாவது மன்னிக்கலாம். நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதைத்தான் என்னால் மாணவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு இதயமாற்றுத் தரவில் 103 பேர்; இதயம் கிடைத்தது 69 பேருக்கு. அவர்கள் நீண்டநாள் வாழ்ந்தது அறுவையாலா? இதயம் வரும்வரை உயிரோடிருந்தவருக்குத்தானே அறுவையே நடக்கும்! காத்திருக்கும்போதே போனவரெல்லாம் எதிரணிக் கணக்கில் விழுகிறார். 1972-லேயே புள்ளியியலாளர் கெயில் இதை எழுதிவிட்டார். ஆர் மென்பொருளில் அதே தரவு, காத்திருந்த நாட்கள் ஒரு வரி, மாற்றிய பிறகு ஒரு வரி என்று 172 வரிகளாக இருக்கிறது. ஏன் 172 என்று கேட்ட மாணவர் எவரும் இல்லை.

சமீபத்தில் ஒரு பீஜி டாக்டர் வந்தார். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி சுருங்கியவர்கள், சுருங்காதவர்கள் என்று இரண்டு கோடு. நாள் எண்ணியதோ சிகிச்சை தொடங்கிய தேதியிலிருந்து. ஸ்கேனுக்கு முன்பே இறந்தவர்கள் ‘சுருங்காதவர்கள்’ பக்கம். “மூன்றாம் மாதத்தில் உயிரோடிருந்தவர்களை மட்டும் எடுத்து, அங்கிருந்து எண்ணுங்க டாக்டர்” என்றேன். “பி வேல்யூ நல்லா வந்திருக்கே சார்...” என்று இழுத்தார். திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. தீசிஸ் அதே கோடுகளோடு பாஸாகிவிட்டது. நன்றியுரையில் புள்ளியியல் ஆலோசனைக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்.