சுவரின் கீழ் இரண்டடி

ஸ்காபரோவின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை 1950களிலும் 60களிலும் கட்டப்பட்டவை. போர் முடிந்து ரொறன்ரோ கிழக்குப் பக்கமாகப் பரவியபோது, பண்ணை நிலங்களில் ஒரே சாயலில் செங்கல் பங்களாக்கள் வரிசையாக எழுந்தன. முன்னால் புல்தரை, தெருவோரம் மேப்பிள் மரம், கீழே முழு வீட்டளவுக்கு ஒரு பேஸ்மென்ற். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த எங்கள் ஈழத் தமிழ்ச் சனத்தில் பலர் முதலில் வாடகைக்கு இருந்தது இந்த பேஸ்மென்றுகளில்தான். இப்போது அவர்களின் பிள்ளைகள் மேல்வீட்டையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

வாங்கும் வீட்டுக்கு அறுபது வயது. ஆனால் பார்த்தால் தெரியாது. முதல் சொந்தக்காரர் காலமாகி, பிள்ளைகள் விற்று, வாங்கியவர் ஆறு மாதத்தில் உட்புறத்தைப் புதுப்பித்து மறுபடி விற்பனைக்கு விட்டிருப்பார். சாம்பல் நிறத் தரை, பளபளக்கும் குசினி, கூரைத்தட்டு முழுக்கச் சிறு விளக்குகள். வாங்க வருபவர் கண்ணில் படுவது இந்த ஆறு மாதம்தான். அறுபது வருடத்தைப் பார்க்கிறவர் வீட்டுப் பரிசோதகர்.

பெண்டேல் பகுதியில் 1967இல் கட்டிய பங்களா ஒன்றைப் பரிசோதிக்கப் போன ஒருவருடன் சித்திரை மாதக் காலையொன்றில் நானும் போனேன். பருத்தித்துறைக்காரர். ஊரில் தகப்பனோடு மேசன் வேலை பழகியவர். இங்கே கூரை வேலையும் கட்டட வேலையும் செய்துகொண்டே இரவுப் பாடம் படித்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார். வீட்டை வாங்க நினைக்கும் இளம் தம்பதி வாசலில் நின்றார்கள். பெண்ணின் தகப்பனாரும் வந்திருந்தார். எல்லோரும் உள்ளே போக ஆயத்தமானபோது இவர் மறித்தார்.

"முதல் வெளியால ஒருக்காச் சுத்தி வருவம். தண்ணி எங்கயிருந்து வருகுது, எங்க போகுது எண்டு பாத்தாத்தான் உள்ளுக்க நடக்கிறது விளங்கும்."

கூரையில் ஏணி வைத்து ஏறினார். தார் ஓடுகளின் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன. மேலே ஒட்டியிருக்கும் மணல் போன்ற துகள்கள் உதிர்ந்து பீலிக்குள் கிடந்தன. இன்னும் சில வருடம் தாங்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவரை நிறுத்தியது கூரை அல்ல, பக்கத்துச் சுவரோரம். அங்கே புதிதாகச் சிமெந்து நடைபாதை போட்டிருந்தார்கள். நிலம் வீட்டைவிட்டு வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். இந்த நடைபாதை வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒரு மட்டப்பலகையை வைத்து அந்தப் பெண்ணுக்குக் காட்டினார். பீலியிலிருந்து இறங்கும் குழாயும் சுவரடியிலேயே முடிந்திருந்தது.

"பிள்ளை, குசினி பிறகு பாப்பம். முதல் கீழ வாங்கோ."

பேஸ்மென்றின் பின்னறையில் எரிவாயு உலை இருந்தது. அந்த அறைச் சுவரை மட்டும் பலகை வைத்து மூடாமல் விட்டிருந்தார்கள். சிமெந்துக் கல் சுவர். முழங்காலில் இருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தார். நேரே பிடித்தால் தெரியாத மேடுபள்ளம் அப்போதுதான் நிழல் விழுந்து தெரிகிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் புது வெள்ளைப் பூச்சு. அதற்கு மேலே பழைய நிறம்.

"ஏன் மேல அடிக்கேல்லை?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பூச்சின் மேல் விளிம்பில் விரலால் தேய்த்தார். வெள்ளைத் தூள் ஒட்டியது. மண்ணிலிருந்து சுவருக்குள் ஊறும் ஈரம் சிமெந்தின் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் உலர்ந்து, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. பூச்சு அடித்து மறைத்தாலும் சில மாதங்களில் மறுபடி பூக்கும். ஈரப்பதமானியை வைத்தபோது கீழ்ப்பகுதியில் எண் ஏறியது, மேலே இறங்கியது.

மூலையில் படிக்கட்டுப்போல் ஏறிப்போன ஒரு வெடிப்பும் இருந்தது. தகப்பனாருக்கு முகம் கறுத்துவிட்டது. பரிசோதகர் அவசரப்படவில்லை. மயிரிழை அளவில் நெட்டாகவோ படிபோலவோ போகும் வெடிப்பு பழைய வீட்டில் பெரும்பாலும் இருக்கும். அது எப்போதோ நடந்து நின்றுவிட்ட அசைவாக இருக்கலாம். பயப்பட வேண்டியது சுவரின் நடுவில் கிடையாக ஓடி, சுவர் உள்ளே தள்ளப்படுவதைக் காட்டும் வெடிப்புக்கு. வெளியே நனைந்த மண் பனியில் உறைந்து விரிந்து தள்ளுவதன் அடையாளம் அது. நீளமான மட்டப்பலகையைச் சுவரில் பிடித்துப் பார்த்தார். சுவர் வளையவில்லை. ஒரு வீட்டில் உள்ள குற்றங்களைச் சொல்வதைவிட, எது குற்றமே அல்ல என்று சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் கெட்டித்தனம் என்று எனக்கு அங்கே பட்டது.

தண்ணீர் விஷயத்தை ரொறன்ரோக்காரர் லேசாக எடுக்க முடியாது. 2013 யூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான பேஸ்மென்றுகளில் தண்ணீர் ஏறியது. பல இடங்களில் வந்தது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, கழிவுநீரும் குழாய் வழியே எதிர்த்து வந்தது. இந்த வீட்டில் அதைத் தடுக்கும் வால்வு இல்லை. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுக் குழாய் அந்தக் காலத்துக் களிமண் குழாயாக இருக்கலாம் என்றார். முன்வளவு மேப்பிளின் வேர் அதன் பொருத்துகளைத் தேடிப்போகும். "நான் மண்ணுக்க பாக்கேலாது. கமெரா விடுறவரைக் கூப்பிடுங்கோ. சில நூறு டொலர்தான்."

பிறகு மின்பெட்டி. மூடியைக் கழற்றியதும் உள்ளே வெள்ளி நிறக் கம்பிகள். 1960களின் நடுப்பகுதியிலிருந்து எழுபதுகளின் கடைசிவரை, செம்பு விலை ஏறியதால், கனடாவில் ஏராளமான வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். விரிந்து சுருங்கி ஆணிப்பிடி தளரும். தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். அலுமினியத்தின் மேல் படரும் ஒக்சைட் அந்தச் சூட்டைக் கூட்டும். கம்பி தன்னளவில் ஆபத்தில்லை, அது தொடுக்கப்படும் இடங்கள்தான் ஆபத்து. உரிய இணைப்பிகளைப் பாவித்துச் முனையில் சிறு செம்புக் கம்பி வைத்துத் தொடுத்தால் பயமின்றி இருக்கலாம்.

இந்த வீட்டில் கவலை வேறொன்று. பெட்டிக்குள் அலுமினியம், மேலே புது விளக்குகளுக்குப் போவது செம்பு. இரண்டும் எங்கேயோ சுவருக்குள் சந்திக்கின்றன. ஒன்ராறியோவில் இப்படியான வேலைக்கு மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்துப் பரிசோதனைக்கு விட வேண்டும். அந்தப் பத்திரத்தை விற்பவரிடம் கேட்கச் சொன்னார். அழகுக்காகச் செய்த வேலை பழைய வீட்டை முன்பைவிட ஆபத்தானதாக்கிவிடலாம் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கூரைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளியைச் சிறு கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். உள்ளே ஏறவில்லை. குளிர்காப்புக்குப் போட்டிருப்பது வெர்மிகுலைற்றாக இருந்தால், அதில் அஸ்பெஸ்ரொஸ் கலந்திருக்கக்கூடும். அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கு கனடா முழுவதும் வீடுகளில் கிடக்கிறது. இங்கே கண்ணாடி நார்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

குளிரூட்டியைப் போட்டுப் பார்க்கவில்லை. வெளியே குளிராக இருக்கும்போது ஓட்டினால் அது பழுதாகும். ரேடான் வாயுவையும் ஒரு காலையில் அளக்க முடியாது, மூன்று மாதம் கருவியை வைத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அறிக்கையில் எழுதுவார். "பாத்ததை மட்டும் எழுதினாக் காணாது. பாக்கேலாமல் போன இடத்தையும் எழுதோணும்."

தகப்பனார் கடைசியில் கேட்டார்: "தம்பி, வாங்கலாமோ?"

"ஐயா, அதை நான் சொல்லக்கூடாது. இந்த வீட்டை வச்சிருக்க அடுத்த அஞ்சு வருசத்தில என்ன செலவு வரும் எண்டு கேளுங்கோ, சொல்லுறன்."

இந்தக் கொடுக்கல் வாங்கலில் முகவருக்கு வீடு கைமாறினால்தான் தரகு. கடன் தருபவருக்கும் கைமாறினால்தான் வருமானம். வாங்கினாலும் விட்டாலும் அதே கூலி பெறுகிறவர் பரிசோதகர் ஒருவரே. அதனால்தான் அவர் வார்த்தைக்குப் பெறுமதி. ஆனால் அவரை அழைப்பது பல நேரம் முகவர். "வாங்கிறவை பயப்படுற மாதிரி நாலு தரம் உண்மையைச் சொன்னா, அஞ்சாந்தரம் போன் வராது," என்று காரில் வரும்போது சொன்னார். பிரிட்டிஷ் கொலம்பியா 2009இலும் அல்பேட்டா 2011இலும் இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாக்கின. ஒன்ராறியோவில் 2017இல் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. யாரும் பெயர்ப்பலகை போட்டுக்கொள்ளலாம். வாங்குபவரே விசாரித்து, தானே தேடிப் பிடிப்பதுதான் நல்லது.

வட்டி அடிமட்டத்தில் இருந்த 2021இல் போட்டிக்கு விலை வைத்தவர்களில் பலர், பரிசோதித்த பிறகே வாங்குவோம் என்ற நிபந்தனையைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டி, பேஸ்மென்ற் வாடகையை நம்பிக் கடன் கட்டும் குடும்பங்களும் அப்படியே செய்தன. அந்த பேஸ்மென்றில் தண்ணீர் ஏறினால் வாடகையும் நின்றுவிடும், திருத்தவும் கையில் காசிராது. பணம் உள்ளவன் பரிசோதனை இல்லாமல் வாங்கினால் தாங்குவான். இவர்களால் முடியாது.

பெண்டேல் வீட்டைப் பார்த்த தம்பதி ஐந்து நாள் பரிசோதனை நிபந்தனை வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கமெரா விட்டபோது, தெருவோர நடைபாதைக்குச் சற்று முன்னால் குழாய்க்குள் வேர் அடைத்திருந்தது தெரிந்தது. மின்வேலைக்கான பத்திரம் விற்பவரிடம் இல்லை. பேச்சுவார்த்தையில் குழாய் மாற்றும் செலவை விற்பவர் விலையில் குறைத்துக்கொண்டார். மின் இணைப்புகளை அறுபது நாளுக்குள் திருத்திப் பத்திரம் காட்ட வேண்டும் என்று காப்புறுதி நிறுவனம் தவணை வைத்தது. அதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.