ஒருநாள் பிரியாணியும் மாதச் செலவும்

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் என்றதும் நினைவுக்கு வருவது மரச்சிற்பம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. ஆனால் இங்கே சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி. இந்த ஊர்ப் பக்கம் பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளையோ, வீட்டைவிட்டு ஓடிவந்து பேருந்து நிலையத்தில் படுத்துக்கிடக்கும் பிள்ளையோ கண்ணில் பட்டால், நல்ல மனம் படைத்தவர்கள் உடனே கேட்பது, "பக்கத்துல ஏதாச்சும் ஹோம் இருக்கா?" என்றுதான். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வேலை அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது.

ஆதரவற்ற பிள்ளைகளை வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நூற்றாண்டைத் தாண்டிய அனுபவம் உண்டு. 1905-இல் சென்னையில் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் ஏழு பையன்களோடு தொடங்கியது. 1930-இல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளை உள்ளே அழைத்துக்கொண்டார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. கிராமத்துக்கு முன்மாதிரி வேண்டுமானால் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரைச் சொல்ல வேண்டும். 1901 முதல் அங்கே பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த வெளிநாட்டு மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1951-இல் இறக்கும்வரை தம் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. பிள்ளைகள் அங்கே பணியாளர்களை அக்கா என்றும் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தார்கள். முறை சொல்லிக் கூப்பிட ஓர் ஆள், அதுவும் ஆண்டுக்கணக்கில் மாறாத ஆள்: பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாமல்லபுரம் பகுதியில் இல்லப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றி 2007-இல் வந்த பத்திரிகைச் செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. 2017-இல் வந்த தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும் என்றது. ஆகவே பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. ஒழுங்காக நடக்கும் இல்லம் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டும்.

நம் ஊர்களில் உதவி என்றால் பெரும்பாலும் பிறந்தநாள் சாப்பாடு. கேக் வெட்டி, பிரியாணி பரிமாறி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். சுதந்திர தினத்தன்று இரண்டு மூன்று வீட்டுச் சாப்பாடு சேர்ந்து வந்து மிஞ்சும். அடுத்த வாரம் சிலிண்டருக்குக் காசு இருக்காது. சமையலம்மாவின் சம்பளம், கரண்ட் பில், கண்ணாடி, நாப்கின், கல்லூரிக்குப் பஸ் காசு, இரவில் காய்ச்சல் வந்தால் ஆட்டோ வாடகை ஆகியவற்றுக்கு யார் பிறந்தநாளும் வருவதில்லை. அந்தப் படம் வேறு, பிள்ளையின் அடையாளத்தை ஊரறியச் செய்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைக் குற்றமாகவே பார்க்கிறது.

அதே சட்டம், ஆதரவின்றித் தவிக்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது. 1098 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. அந்த முடிவு எப்போதும் இல்லமாகவே இருக்க வேண்டியதில்லை. பாட்டியோ அத்தையோ இருந்து, கையில் காசில்லாமல் தவித்தால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மூலம் மாதம் ரூ.4,000 கிடைக்க வழியுண்டு. 2025-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் ரூ.2,000. சொந்த வீட்டிலேயே பிள்ளை வளர இந்தத் தொகை போதுமென்றால், அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் பெரிய உதவிதான்.

இல்லத்தில் வளர்கிறவர்களுக்குக் கடினமான நாள் 18 வயது நிறையும் நாள். சட்டம் 21 வரை பின்கவனிப்புக்கு இடம் தருகிறது. ஆனால் தங்க அறை, கற்க ஒரு தொழில், தீபாவளிக்குப் போக ஒரு வீடு ஆகியவற்றை ஊர்தான் தர வேண்டும். அரும்பாவூரில் உளியைப் பிடிக்கக் கற்றுத்தரும் பட்டறைகள் இருக்கின்றன. சம்பளம் கொடுத்து ஒரு பையனையோ பெண்ணையோ ஓராண்டு வைத்துக்கொள்ள ஒரு பட்டறை முன்வந்தால், அது நூறு பிரியாணிக்குச் சமம்.

உங்கள் ஊருக்கு அருகில் பதிவு பெற்ற இல்லம் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மாதாமாதம் எந்தச் செலவு இடிக்கிறது என்று பொறுப்பாளரிடம் கேட்டு, அதில் உங்களால் முடிந்த ஒன்றை மூன்றாண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.