ஸ்டென்ட் எடுக்கும் தேதி

கர்ப்பப்பையை எடுத்த பிறகு அக்காவுக்கு விலாவில் விடாத வலி, காய்ச்சல், அடக்க முடியாத நீர்க்கசிவு. ஆபரேஷன் ஆனால் இதெல்லாம் சகஜம் என்றார்கள் பலர். சகஜமே இல்லை.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் கர்ப்பப்பை ரத்தக்குழாயை ஒட்டிப் போகிறது. கர்ப்பப்பையை எடுக்கும்போது அங்கே காயம் படலாம்; அப்போதுதான் இந்தத் தொல்லைகள் வரும். காயம் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் என்றால், பெரும்பாலும் குழாயின் நல்ல பகுதியைச் சிறுநீர்ப்பையில் புதிதாகத் தைத்துப் பொருத்துவார்கள். உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் சில வாரம் இருக்கும். அதுவரை சிறுநீர் அடிக்கடி முட்டும், லேசாக ரத்தம் கலக்கும், பயப்படாதீர்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே ஓடுங்கள்.

ஸ்டென்டை மறந்துவிட்டால் கல் படிந்து சிறுநீரகமே கெடலாம். எடுத்த பிறகும் ஸ்கேன் வேண்டும்; அடைப்பு வலியில்லாமலும் வரும்.

டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் எடுக்கும் தேதியை எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.