மேய்கிற மான்

கோடியக்கரைக்குக் கேமராவோடு போகிறவர்களில் பாதிப் பேர் பூநாரைக்காகப் போகிறவர்கள். நான் போவது வெளிமானுக்கு. வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் சொச்சம். உப்பளங்களைத் தாண்டினால், 1967இல் முக்கியமாக இந்த மானுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம். புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, யாரோ எப்போதோ விட்டுப்போய்க் காட்டுக்குதிரையாகவே ஆகிவிட்ட மட்டக்குதிரைகள் என்று எல்லாம் உண்டு. சீமைக்கருவேலமும் உண்டு, அது உண்டு என்பதுதான் வருத்தம். புல்வெளியைத் தின்றுகொண்டே போகிறது. வெளிமானுக்கோ வெளி வேண்டும்.

பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிற ஊர் இது. சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாமல், ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும்பிவிடும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் நீள நீளமாக வர்ணிக்கிற பொன்னொளி இங்கே அரைமணி நேரம் நின்றால் அதிகம். ஆனால் அந்த அரைமணி நேரம் இந்த மானுக்கென்றே வாய்த்தது. கிடாவின் முதுகு கரும்பழுப்பு. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் சுத்த வெள்ளை. பத்து மணி வெயிலில் முதுகின் மயிர் தெரியும்படி எடுத்தால் வெள்ளை பொசுங்கிப்போகும், வெள்ளையைக் காப்பாற்றினால் முதுகு வெறும் கறுப்புப் பட்டை. தாழ்ந்து பக்கவாட்டில் வரும் காலை ஒளியில்தான் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

இந்த அவசரம்தான் மானைக் கலைக்கிறது. ஒளி போகிறதே என்று நாலு எட்டு முன்னால் வைக்கத் தோன்றும். வெளிமான் மூக்கைவிடக் கண்ணை நம்புகிற பிராணி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைவிட, என் தலை வானத்தை ஒட்டித் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இதை எனக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார்: “ஒக்காந்துக்கங்க சார். நம்ம போவ வேணாம், அதுவே மேஞ்சுகிட்டு இந்தப் பக்கம் வரும்.”

உட்கார்ந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. மான் சட்டென்று மிரண்டுவிடுவதில்லை. படிப்படியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறது. முதலில் அசைபோடும் வாய் நிற்கும். காதுகள் முன்னால் திரும்பும். தலை நிமிரும். ஒரு பெட்டை நிமிர்ந்தால் பக்கத்திலிருப்பதும் நிமிரும். வாய் நின்றபோதே நாமும் கையை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மறுபடி புல்லுக்குக் குனிந்துவிடும். வால் தூக்கிவிட்டால் காரியம் கெட்டது: ஒன்று அந்தரத்தில் துள்ளும், பின்னாலேயே மந்தை முழுதும் துள்ளும். ஓடுவதால் மானுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் வயிற்றை நிரப்பிக்கொள்கிற வேளை அது. புல்மறைவில் குட்டியைப் படுக்கவைத்துவிட்டு வந்த தாயும் அந்த மந்தையில் இருக்கலாம்.

கண்ணுக்குக் கண் பார்க்கிற படத்துக்குத்தான் இன்று மவுசு. எனக்கு அதில் பிடிப்பில்லை. நேராக லென்ஸைப் பார்க்கிற மானின் முகத்தில் இருப்பது சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணம் படமெடுப்பவர். கறுப்பு வெள்ளையிலேயே காலம் தள்ளிய மா. கிருஷ்ணனின் யானைப் படங்களைப் பாருங்கள். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பேர் வைத்திருந்தவர். இன்றைய சத்தமில்லாத ஷட்டர் அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் அவர் படங்களில் பலவற்றில் யானைகள் தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

400 மில்லிமீட்டர் லென்ஸில் மான் சட்டத்தில் கால்வாசிதான் வந்தது. மீதி முழுக்கப் புல், பனி, தூரத்தில் இரண்டு மட்டக்குதிரைகள். அதற்கு மேல் நெருங்கவில்லை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். “கேமராவைப் பார்க்கிற மாதிரி வேற படம் இருக்கா சார்?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். இல்லை என்றேன். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டார்கள், குதிரைகளை வெட்டிவிட்டு.