விரலை எடுத்த பிறகு

தம்பி, உன் லேப்டாப்பில் சர்ஜ் எக்ஸ்டி இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் சிந்தசைசர். 2018-ல் அதன் நிரலையே பொதுவில் விட்டுவிட்டார்கள். எங்கள் காலத்தில் ஒரு கீபோர்டு வாங்க நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. வாங்கியதைக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏற்றி, வளைவுக்கு வளைவு மடியில் பிடித்தபடி வெள்ளிமலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தனிப் பாடு. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நீ சர்ஜைத் திறந்ததும் நேரே ப்ரீசெட் பட்டியலுக்குப் போகிறாய். ஒன்றைத் தட்டுகிறாய், பிடிக்கவில்லை. அடுத்தது, அதுவும் பிடிக்கவில்லை. சாயங்காலமே போய்விடுகிறது, பாட்டு ஓரடி நகர்ந்தபாடில்லை. ‘ரோஜா’ வந்த 1992-லும் இந்த வியாதி இருந்தது. மெல்லிசைக் குழுக்காரர்கள் “அந்தச் சவுண்டு எந்த நம்பர்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். நம்பரைக் கண்டுபிடித்தவனுக்கும் அந்தப் பாட்டு வரவில்லை.

பட்டியலை மூடு. ‘இனிட் சா’ என்று ஒரு வெறும் அலை இருக்கும். கரகரவென்று, கேட்கவே சகிக்காது. அதையே எடுத்துக்கொள். அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று நாலு ஸ்லைடர். அட்டாக்கைப் பூஜ்யத்தில் வை, டிகே அரை நொடி, சஸ்டெயினை முழுக்க இறக்கு. தந்தியை மீட்டிய சத்தம் வரும். இப்போது அட்டாக்கைக் கால் நொடிக்கு ஏற்றி, சஸ்டெயினை மேலே தூக்கு. வில் போட்டு இழுக்கிற சத்தம். அலை மாறவே இல்லை, வந்து சேர்ந்த விதம்தான் மாறியது. பாரிஸில் 1948-ல் பியர் ஷேஃபர் மணியோசையைப் பதிவு செய்து, அடி விழுகிற அந்தத் துளி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போட்டுக் கேட்டார். மணி போய், ஊதுகிற வாத்தியம் மாதிரி ஒலித்தது.

இந்த நாலு பிரிவும் எஞ்சினியர் மூளையில் உதித்ததில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1965-ல் விளாதிமிர் உசசெவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் இப்படி வேண்டும் என்று கேட்டார், ராபர்ட் மூக் செய்து கொடுத்தார். வாசிக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். கேட்கக் கூச்சப்படக் கூடாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. மற்ற மூன்றும் நேரக் கணக்கு. சஸ்டெயின் மட்டும் அளவு: விரல் கட்டையில் இருக்கிற வரைக்கும் சத்தம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது. எத்தனை நேரம் நிற்கும் என்பதை ஸ்லைடர் சொல்லாது, உன் விரல்தான் சொல்லும்.

ரிலீஸை யாரும் சட்டை செய்வதில்லை. நீயும்தான். நிமிஷத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் ஓர் அடி அரை நொடி. நீ இரண்டு நொடி ரிலீஸ் வைத்திருக்கிறாய். விரலை எடுத்த பிறகும் பழைய கார்டு நாலு அடிக்கு நின்று, அடுத்து வருகிற கார்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மிக்ஸ் கலங்கியிருக்கிறது என்று ஈக்வலைசரை உருட்டுகிறாய். கோளாறு அங்கே இல்லை. பின்னணியில் ஒரு சத்தம் நீளமாகத் தேயட்டும், பேஸ் சட்டென்று இடத்தைக் காலி செய்யட்டும். ஆட்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். வரும்போது எப்படி வந்தான் என்று ஊரே பார்க்கும். போனபோது எப்படிப் போனான் என்பது கூட இருந்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்து சுருதி. உன் கீபோர்டின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்புராவுக்குள்ளிருந்து தானாக எழுகிற காந்தாரம் 386. அந்த 14 சென்ட்தான் நீ நீளமாகப் பிடிக்கும்போது காதை உறுத்துவது. சர்ஜில் ஸ்காலா கோப்பை ஏற்றி ஸ்வரங்களை நகர்த்தலாம், செய்து பார். ஆனால் தோடியின் காந்தாரத்துக்கு எந்தக் கோப்பும் உதவாது. அது அசைந்தால்தான் தோடி. பிட்ச் வீலில் கை பழக வேண்டும்.

மழைக்காலத்தில் இந்த மலையில் பறைத்தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காய்ச்சினால் இறுகிச் சுருதி ஏறும், ஈரக்காற்று பட்டால் மறுபடி இறங்கும். அடிக்கிறவர் சலித்துக்கொள்ளாமல் எழுந்து போய் மறுபடி காய்ச்சுவார். நாதஸ்வரத்தில் சுருதியைத் தணிக்க ராஜரத்தினம் பிள்ளை கருவியையே நீட்டிப் பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். உனக்கு ஒரு ஸ்லைடர். ஆகவே திருவிழாவுக்கு நாயனக்காரர் வந்தால் “என் 440 ஹெர்ட்ஸுக்கு வாருங்கள்” என்று அவரிடம் சொல்லாதே. இரண்டு கட்டையோ இரண்டரையோ, முதலில் அவரை ஊதச் சொல். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் அதே ஸட்ஜத்தைப் பிடி. இரண்டுக்கும் நடுவில் ஓர் அலை ஓடும். 2 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் நொடிக்கு இரண்டு தரம். அந்த அலை நிற்கிற வரை நீ இறங்கி வா. அதுவரை தவில்காரருக்குக் கை காட்டாதே.