பன்னீர்த் திராட்சையும் ஒரு மின்வாயும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரெல்லாம் மகிழ்ந்தது உண்மை. ஆனால் தோட்டத்துக்கு வரும் வியாபாரி இன்றும் நிறத்தையும் குலையையும் பார்த்து, ஒரு பழத்தை வாயில் போட்டுச் சுவைத்துத்தான் விலை சொல்கிறார். என் தந்தையார் தலையாட்டுகிறார். பழத்தின் நலத்தை ஓர் எண்ணால் சொல்ல முடியாதா என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிறந்தது.

எளிய வழி நம் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. அயோடின் கரைசலைப் பியூரெட்டில் எடுத்து, ஸ்டார்ச் சேர்த்து, வைட்டமின் சி-யைத் தரம் பார்க்கலாம். எலுமிச்சைச் சாற்றுக்கு அருமையான முறை. பன்னீர்த் திராட்சைச் சாறோ தானே ஊதா நிறம். அதில் ஸ்டார்ச்சின் நீலம் எங்கே தெரியும்? மேலும் திராட்சையின் சிறப்பு வைட்டமின் சி அன்று. தோலிலும் விதையிலும் உள்ள பீனால் சேர்மங்களே அதன் ஆன்டி ஆக்சிடென்ட் செல்வம்.

பயோசென்சார் நிறத்தைப் பார்ப்பதில்லை, மின்னோட்டத்தையே பார்க்கிறது. அதன் தத்துவம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது, நண்பர்களே! வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கறுக்கிறதல்லவா? நொதியொன்று காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பீனாலைக் குயினோனாக மாற்றுவதன் விளைவு அது. அவ்வகை நொதியைக் கார்பன் மின்வாயில் பதித்துச் சாற்றில் வைத்தால், உண்டாகும் குயினோனுக்கு மின்வாய் எலக்ட்ரான் கொடுத்து மீண்டும் பீனாலாக்கும். அந்த மின்னோட்டமே பீனாலின் அளவைச் சொல்லும். 1962-இல் கிளார்க்கும் லயன்சும் குளுக்கோசுக்குக் காட்டிய வழியில் வந்தது இது. 1985-இல் அமெரிக்காவில் சிட்வெல், ரெக்னிட்ஸ் என்போர் நொதியைப் பிரித்தெடுக்கவுமில்லை. வாழைப்பழச் சதையையே ஆக்சிஜன் மின்வாயில் வைத்து டோபமைனை அளந்தார்கள். சின்னமனூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

சிக்கலும் உண்டு. சாற்றிலுள்ள வைட்டமின் சி, மின்வாய்க்கு முந்திக்கொண்டு குயினோனைப் பீனாலாக்கிவிடும், மின்னோட்டம் குறையும். நல்ல பொருள் கூடக்கூட அளவு குறைந்து தெரியும் விந்தை இது. பழச்சாறு கெடாதிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் அளவைக் குழப்பும். ஆகவே அந்த எண்ணை வைத்து, 'நோய் தீர்க்கும் சாறு' என்று கடைவாசலில் பலகை மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு தோட்டத்துப் பழத்தை இன்னொரு தோட்டத்துப் பழத்தோடும், பனிக்கால அறுவடையைக் கோடை அறுவடையோடும் ஒப்பிட அது உதவும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் எங்கள் பள்ளத்தாக்குக்கு அதுவே பெரிது.

தந்தையாரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிலோவுக்கு எவ்வளவுப்பா கூடும்?" என்றார். விடை என்னிடம் இல்லை. விடுமுறையில் பென்சில் கரிக்குச்சியும் வாழைப்பழமும் கொண்டு முயல நண்பர்கள் இருவர் இசைந்திருக்கிறார்கள். மைக்ரோ ஆம்பியர் மீட்டர் துறையில் இருக்கிறது.